வாங்கியாச்சு, எண்ணெய் போட்டாச்சா?

துபாயிலும் ஷார்ஜாவிலும் நம் ஆட்களின் வீட்டு ஹாலில் இப்போது ஒரு பழைய சாமான் புதுசாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ரெக்கார்டு பிளேயர். இங்கிருந்து டூ-இன்-ஒன் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள், இன்று தாத்தாவின் இசைத்தட்டுகளைத் துணிமணிகளுக்கு நடுவே பொதிந்து விமானத்தில் இங்கே கொண்டுவருகிறார்கள். அல்கூஸில் இருக்கும் அல்செர்கால் அவென்யூவில் 2017-ல் ‘தி ஃபிலிப் சைடு’ என்று இசைத்தட்டுக்கென்றே ஒரு கடை திறந்தார்கள். அமெரிக்காவில் 2022-ல் விற்ற எல்.பி. தட்டுகளின் எண்ணிக்கை சி.டி.யைத் தாண்டியது, 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஆகவே இதை வளைகுடாக்காரர்களின் தனிப் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த வீட்டுக்காரரிடம் ‘கடைசியா எப்ப எண்ணெய் போட்டீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ‘இதுக்கு எண்ணெய் வேற போடணுமா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். எந்தச் சந்தையில் பிடித்தது, எத்தனை திர்ஹம் பேரம் பேசிக் குறைத்தது, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதெல்லாம் வாய்ப்பாடு போல வரும். எண்ணெய்க் கணக்கு மட்டும் வராது.

நான் சங்கீதம் கற்றவன் இல்லை. கட்டடப் பராமரிப்பில் சூப்பர்வைசர். சில்லர், பம்பு, எக்ஸாஸ்ட் ஃபேன், ஏ.சி. காற்றைத் தள்ளும் ப்ளோயர் என்று, சுற்றுகிற எதுவானாலும் என் தலையில்தான் விழும். எங்கள் வேலையில் பி.பி.எம். என்று ஒரு அட்டவணை உண்டு. எது எப்போது பழுதாகும் என்று காத்திருக்காமல், இந்த பேரிங்குக்கு இந்தத் தேதியில் இத்தனை கிராம் கிரீஸ் என்று முன்கூட்டியே எழுதிவைத்துச் செய்வது. ஒவ்வொரு பம்பின் கழுத்திலும் ஒரு சீட்டு தொங்கும். போன தடவை யார் கிரீஸ் அடித்தது, அடுத்தது எப்போது என்று அதில் இருக்கும். சுற்றுகிற எதற்கும் ஒரு தேதி உண்டு என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஊர் முழுக்க அடுத்தவன் கட்டடத்துக்கு அந்தத் தேதியைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற நாம், சொந்த வீட்டில் சுற்றுகிற பொருளுக்குத் தேதி வைப்பதில்லை. என் மனக்குறை அதுதான்.

கல்யாண வீட்டு மெஷின்

இதை எனக்குக் கற்றுத்தந்தது வளைகுடா இல்லை. பரமக்குடியில் என் சித்தப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். அகுஜா ஆம்ப்ளிஃபயர், பனைமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், பெட்டி நிறையத் தட்டுகள். கோவில் திருவிழாவுக்குச் சீர்காழி கோவிந்தராஜன், பள்ளிவாசல் கந்தூரிக்கு நாகூர் ஹனிபா, கல்யாணத்துக்கு டி.எம்.எஸ்., சுசீலா. முதல் நாள் ராத்திரியே மெஷினை மேசையில் கவிழ்த்துப் பிரித்துவிடுவார். பழைய எண்ணெயைத் துணியால் துடைத்து, ஊசி மூக்கு வைத்த குப்பியிலிருந்து சொட்டுக் கணக்கில் புது எண்ணெய் விடுவார். ரப்பர் சக்கரத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பார். ‘முகூர்த்த நேரத்துல மெஷின் நின்னா அடுத்த வருஷம் அந்தத் தெருவுல நமக்கு ஆர்டர் கிடையாதுடா’ என்பார். அவருக்கு அது பழம்பொருள் ஆர்வம் கிடையாது, சோறு. சோறு போடும் மெஷினுக்கு எண்ணெய் போட யாரும் மறப்பதில்லை. அலங்காரத்துக்கு வாங்கிய மெஷினுக்குத்தான் மறந்துபோகிறது.

ரெக்கார்டு பிளேயரில் எண்ணெய் கேட்கும் இடங்கள் அதிகமில்லை. முதலாவது, தட்டு வைத்துச் சுற்றும் பிளாட்டரின் நடுத் தண்டு. பல மாடல்களில் அது ஒரு பித்தளை அல்லது வெண்கலக் குழலுக்குள் நிற்கும். குழலின் அடியில் ஒரு சின்ன எஃகு குண்டு, மொத்த எடையும் அதன் தலையில்தான். இரண்டாவது, மோட்டாரின் மேலும் கீழும் இருக்கும் புஷ். இவை பெரும்பாலும் வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தவை. உடம்பெல்லாம் நுண்ணிய துளைகள். அந்தத் துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். ஷாஃப்ட் சுற்றிச் சூடேறும்போது கசிந்து வந்து வழுக்கும், நின்றதும் மறுபடி உள்ளே போகும். பக்கத்தில் ஒரு ஃபெல்ட் வளையம் சேமிப்புக் கிடங்காக இருக்கும். மூன்றாவது, தானாக முள்ளைத் தூக்கி வைக்கும் ஆட்டோமேட்டிக் மெஷின் என்றால், அடியில் இருக்கும் நெம்புகோல்களும் பல்சக்கரங்களும். இவற்றுக்குக் கிரீஸ்.

இங்கிலாந்தின் கராட் நிறுவனம் 1954-ல் கொண்டுவந்த 301 மாடலின் ஆரம்பத் தயாரிப்புகளில், நடு பேரிங்குக்குக் கிரீஸ் தள்ளுவதற்கென்றே ஒரு திருகு மூடி இருந்தது. வீட்டுக்காரர் அவ்வப்போது அதைக் கொஞ்சம் திருகினால் புதுக் கிரீஸ் உள்ளே போகும். ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 வகையின் கையேடு, 2000 மணி நேரம் ஓடியபின் சில சொட்டு எண்ணெய் விடுங்கள் என்றது. தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் 5 வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். இதைவிட மலிவான சந்தா உலகத்தில் எதற்காவது உண்டா? அந்த மாடலை 2010-ல் நிறுத்திய நிறுவனமே 2016-ல் திரும்பக் கொண்டுவந்தது. ஒழுங்காகச் சொட்டு விட்டு வந்தவர்களின் பழைய மெஷின்களோ நடுவில் நிற்கவே இல்லை.

தம்மாமிலிருந்து வந்த டூயல்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு மெஷினைப் பிரித்துக் காட்டுவது மேல். துபாய் கராமாவில் இருக்கும் ஒரு தஞ்சாவூர்த் தம்பி, மென்பொருள் வேலை, ஜெர்மனித் தயாரிப்பான டூயல் 1219 ஒன்றை வாங்கியிருந்தான். சவூதியில் தம்மாமில் வெகுகாலம் இருந்த ஒரு குடும்பம் ஊருக்குக் கிளம்பும்போது விற்றது.

“அண்ணே, மோட்டார் முனகுது, பிளாட்டர் சுத்தல. எல்லாரும் மோட்டார் போச்சுங்கிறாங்க.”

“மோட்டார் போகலை தம்பி, காய்ஞ்சு போச்சு. ஏதாச்சும் அடிச்சியா உள்ள?”

“கதவு கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே கொஞ்சம் அடிச்சேன். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சுண்ணே.”

அந்த இரண்டு நாள்தான் விஷயம். நம் ஊர் டூல்பாக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும் டபிள்யூ.டி-40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1953-ல் அமெரிக்காவில் உருவானது. ஈரத்தை விரட்டுவதும் துருவைத் தடுப்பதும் அதன் பிறவிப் பணி. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கத்தான் முதலில் பயன்பட்டது. இறுகிய நட்டுக்கு அருமையான சாமான். ஆனால் அதில் பெரும்பகுதி கரைப்பான். புஷ்ஷின் துளைகளில் மிச்சமிருந்த நல்ல எண்ணெயையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டு, தானும் ஆவியாகிவிடும். இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் முன்னைவிட வறண்டு நிற்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட்டோம். சர்க்ளிப்பைக் கழற்றி, மூன்று கிலோ கனக்கும் பிளாட்டரைத் தூக்கினால், உள்ளே கிரீஸ் கருப்பட்டி போல இறுகிக் கிடந்தது. வேகம் மாற்றும் நெம்புகோல் அசையவே இல்லை. அதன் கூட்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, மெல்ல மெல்ல ஆட்டினால் விட்டுக்கொடுக்கும். பலம் காட்டினால் உடையும். பழைய கிரீஸ் முழுவதும் போன பிறகுதான் புதுசு. பழைய கிரீஸின் தலையிலேயே புதுக் கிரீஸைத் தடவுவது பராமரிப்பு ஆகாது.

மோட்டாரை இரண்டு பாதியாகப் பிரித்து ஷாஃப்ட்டைத் துடைத்தோம். புஷ்களை வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறப்போட்டோம். நுண்குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வருவது கண்ணுக்கே தெரிந்தது. காற்று போன துளையில் எண்ணெய் ஏறுகிறது என்று அர்த்தம். குமிழி நின்ற பிறகு ஃபெல்ட்டையும் நனைத்துப் பொருத்தினோம். ஐட்லர் என்கிற ரப்பர் சக்கரத்தின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. மோட்டாரின் வேகத்தை பிளாட்டருக்குக் கடத்துவது அந்த ரப்பரின் பிடிமானம்தான். அதனால்தான் சொட்டுக் கணக்கு. தாராளமாக ஊற்றினால் சுழற்சியில் தெறித்து ரப்பரில் படும், பிடிமானம் போய் வேகம் தள்ளாடும். பம்புகளிலும் கிரீஸ் இல்லாமல் செத்த பேரிங் உண்டு, கிரீஸ் மிஞ்சிச் சூடேறிச் செத்த பேரிங்கும் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட கிரீஸ் கன் பிடித்துப் படித்தது அதிகம்.

மாட்டி ஓட்டினோம். முனகல் இல்லை, ஆட்டம் இல்லை. தம்பி தாத்தாவின் தட்டு ஒன்றை வைத்தான். எஸ்.ஜானகி ஆண் குரலில் பாடினார்!

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. இங்கேதான் வளைகுடாவின் விசேஷம் ஒன்று வருகிறது. ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார், பஹ்ரைன், குவைத் எல்லாம் நம் இந்தியாவைப் போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். சவூதி மட்டும் 60 ஹெர்ட்ஸ். வளைகுடா நாடுகளின் மின் கட்டமைப்பை ஒன்றாக இணைத்தபோது, இந்த வித்தியாசத்துக்காகவே ஜுபைல் பக்கம் அல்-ஃபாதிலியில் 1800 மெகாவாட் திறனில் ஒரு மாற்று நிலையம் கட்ட வேண்டியிருந்தது. இந்த வகைப் பழைய ரெக்கார்டு பிளேயர் மோட்டாரின் வேகம் இந்த ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். எனவே கம்பெனிக்காரன் இரண்டு அளவில் புல்லி செய்தான்: 60-க்குச் சின்னது, 50-க்குப் பெரியது. தம்மாமில் சரியாக ஓடிய சின்னப் புல்லி துபாய்க்கு வந்ததும், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு சுமார் 27.8 சுற்றுத்தான் சுற்றியது. ஐந்து நிமிடப் பாட்டு ஆறு நிமிடம் இழுக்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். இங்கிருந்து சவூதிக்கு ஒரு மெஷினை எடுத்துப் போனால் தலைகீழ்: தட்டு 40 சுற்றுச் சுற்றும், ஒரு கட்டை இரண்டரைக் கட்டையாக எகிறும். மெஷினில் இருக்கும் வேகத் திருகு சில சதவீதம்தான் சரிசெய்யும். இருபது சதவீதத்துக்கு அது காணாது.

50 ஹெர்ட்ஸ் புல்லி வரவழைத்துப் போட்டதும் ஜானகி ஜானகியாக வந்தார். சரிபார்க்க ஒரு காகித வட்டம் போதும். 50 ஹெர்ட்ஸ் ஊரில் 180 கோடுகள், 60 ஹெர்ட்ஸ் ஊரில் 216 கோடுகள் போட்ட வட்டத்தைப் பிளாட்டரில் வைத்து, சோக் போட்ட பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்கும். இன்றைய எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் இது தெரியாது.

எண்ணெய் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எண்ணெய் போட மெஷினைத் திறந்தவன்தான் புல்லியைப் பார்க்கிறான். திறக்காதவன் ‘மோட்டார் போச்சு’ என்று தூக்கிப் போடுகிறான்.

வெயில், புழுதி, தேங்காய் எண்ணெய்

நம் ஊரில் 3 வருடம் தாங்குவது இங்கே தாங்காது. கோடையில் பூட்டிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும், எல்.பி. தட்டு அந்தச் சூட்டில் இளகி நெளிந்துவிடும். ஐட்லர் சக்கரமும் பெல்ட்டும் சூட்டில் காய்ந்து வெடிக்கும், அல்லது இளகிப் பிசுபிசுக்கும். ஆகவே பால்கனி ஸ்டோரும் கார் டிக்கியும் இந்தச் சாமானுக்கு ஆகாது. ஷமால் காற்று வீசும் நாளில் ஜன்னல் சந்தில் படியும் புழுதியைத் தொட்டுப் பாருங்கள். அதில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும். கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, வெண்கலம் 3. மூடி போடாத மெஷினின் எண்ணெயில் இந்தத் துகள் விழுந்தால் எண்ணெயே உப்புத்தாள் ஆகிவிடும். புழுதிக் காற்றுக்குப் பிறகு பிளாட்டரைத் தூக்கித் துடைப்பது இங்கே ஆடம்பரம் இல்லை.

ஜூலையில் ஊருக்குப் போகும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போகிறோம். கடலோர ஈரக் காற்றில் தட்டு உறைகளில் பூஞ்சை பிடிக்கும். அதைவிட மோசம், வேக நெம்புகோலை 33-லேயே விட்டுவிட்டுப் போவது. பல பழைய மெஷின்களில் அப்படி விட்டால் ரப்பர் சக்கரம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி அங்கே தட்டையாகிவிடும். திரும்பி வந்து போட்டால் பாட்டோடு சேர்ந்து ‘டொக்... டொக்...’ என்று தாளம் வரும். அணைக்கும்போது நியூட்ரலில் வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இனி நம் வீட்டுப் பழக்கம் ஒன்று. கதவு கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் இறுகினால் தேங்காய் எண்ணெய். ரெக்கார்டு பிளேயருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பிசினாகும். போதாததற்குத் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். துபாய் மின்சார வாரியம் ஏ.சி.யை 24-ல் வைக்கச் சொல்கிறது. அதையும் கீழே இறக்கி வைத்துத் தூங்குகிறவர்கள் நாம். பாத்ரூம் அலமாரியில் குப்பியோடு உறைந்து நிற்கும் எண்ணெய், பேரிங்குக்குள் மட்டும் எப்படி ஓடும்? காருக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம். அழுக்கை மிதக்கவைத்து ஃபில்ட்டருக்குக் கொண்டுபோகும் சேர்மானம் அதில் உண்டு. இங்கே ஃபில்ட்டரே கிடையாது. கையேடு சொல்லும் எண்ணெய்தான் முதல் தேர்வு. கையேடு இல்லையென்றால், மோட்டார் புஷ்களுக்கு டிடர்ஜென்ட் சேராத எஸ்.ஏ.இ. 20 மினரல் ஆயில் பொதுவாகப் பொருந்தும். உருக்குலைந்த பழைய வயரிங், கப்பாசிட்டர் சமாச்சாரம் என்றால் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 220 வோல்ட் விளையாட்டுச் சாமான் இல்லை.

பம்பாய்த் தட்டு கேட்ட கடற்கரை

இசைத்தட்டு வளைகுடாவுக்கு நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குவைத்தின் அப்துல்லத்தீஃப் அல்-குவைத்தி 1927-லேயே பாக்தாதில் பாடித் தட்டில் பதிந்தவர். ஓமனின் சூர் துறைமுகத்தில் பிறந்த சலீம் ராஷித் சூரி, பாடும் மாலுமி என்று பேர் வாங்கியவர், பம்பாயில் வாழ்ந்து அங்கே தட்டுகள் பதிந்தார். பிற்பாடு பஹ்ரைனில் ‘சலீம்ஃபோன்’ என்று சொந்தமாகவே இசைத்தட்டு நிறுவனம் நடத்தினார். துபாயிலும் கத்தாரிலும் 1966 வரை ரூபாய்தான் புழங்கியது. அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரைக்குப் பம்பாயிலிருந்து அரிசியும் துணியும் வந்த அதே கடல்வழியில்தான் பாட்டும் போய்வந்தது.

அந்தத் தட்டுகளைப் பாதுகாக்கும் ஆர்வம் இங்கே இருக்கிறது. நம் ஊரில் கிராமபோன் தட்டு சேர்ப்பவர்களிடமும் இருக்கிறது. ஆனால் தட்டு தானாகப் பாடாது. 78 சுற்றுத் தட்டின் பள்ளத்துக்கு எல்.பி.யைவிடப் பல மடங்கு அகலமான முள் வேண்டும், வேகம் தவறாத மோட்டார் வேண்டும், இரைச்சல் கிளப்பாத பேரிங் வேண்டும். காய்ந்த பேரிங்கின் உறுமலோடு கணினியில் ஏற்றினால், அந்த உறுமலும் சேர்ந்தே வரலாறாகிவிடும். தட்டைச் சேகரிப்பவருக்கு மாலை போடுகிறோம். அதைப் பாடவைக்கும் மெஷினுக்கு எண்ணெய் போடத் தெரிந்தவரை யாரும் மேடையேற்றுவதில்லை.

‘புதுசே வாங்கிடலாமே?’

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: “எதுக்குண்ணே இந்தப் பாடு? மால்ல சூட்கேஸ் மாடல் புதுசு கிடைக்குது. சர்வீஸ் செலவைவிடக் கம்மி.” நியாயமான கேள்விதான். செலவைப் பார்த்தால் இன்றைக்கு அது குறைவு. ஆனால் அந்த மலிவு மாடல்கள் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் விட வழி இருக்காது. மோட்டார் மூடி முத்திரையிட்டது. பாகம் தனியாகக் கிடைக்காது. கையேடு என்று வரும் காகிதத்தில் எப்படி ப்ளூடூத் இணைப்பது என்று இருக்கும், எப்படித் திறப்பது என்று இருக்காது. உத்தரவாதம் முடிந்த பிறகு நின்றால், குப்பைத் தொட்டிதான் அதன் சர்வீஸ் சென்டர்.

எல்.பி.யின் சத்தம் செல்போன் பாட்டைவிட உயர்ந்தது என்று வாதாட நான் வரவில்லை. அந்தச் சண்டையை ரசிகர்கள் போட்டுக்கொள்ளட்டும். என் வாதம் ஒரு துளையைப் பற்றியது. அந்தக் காலத்தில் மெஷின் செய்தவன் எண்ணெய் விட ஒரு துளை வைத்தான். இது என்னைவிட அதிக நாள் இருக்கும், இதை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் வைத்த துளை அது. இப்போது அந்தத் துளையை அடைத்துவிட்டார்கள். வாங்குபவனுக்கும் கவலையில்லை, ஏனென்றால் துளை இருந்த காலத்திலேயே அவன் எண்ணெய் விடவில்லை! கம்பெனியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். பயன்படுத்தாத உரிமை தானாகக் காணாமல் போகும்.

ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-ல் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், செல்போன் எல்லாம் அதில் உண்டு, ரெக்கார்டு பிளேயர் இல்லை. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் இதற்கென்று ஒரு குழு அமைத்தது. வரவேற்க வேண்டியவை. ஆனால் உதிரிபாகமும் கையேடும் தரச் சொல்லிச் சட்டம் வந்தாலும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் கை நம்முடையதாக இருக்க வேண்டும்.

அந்தக் கைகளுக்கு இந்த மண்ணில் பஞ்சமா? ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 வரை வெட்டவெளியில் வேலை கூடாது என்று அமீரகம் சட்டம் வைத்திருக்கிறது. அந்த நேரம் முடிந்ததும் மொட்டை மாடி ஏறி சில்லரைத் திறப்பவர்களில் எத்தனை பேர் நம் ராமநாதபுரம், திருநெல்வேலி, கடலூர்ப் பிள்ளைகள்! மோட்டார் சுற்றத் தெரிந்தவன், பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டே வியாதி சொல்பவன், வெர்னியர் பிடித்து ஷாஃப்ட் அளப்பவன் எல்லாம் லேபர் கேம்ப்பில் படுத்திருக்கிறான். ஐந்து கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் ஒரு தமிழன் நின்றுபோன மெஷினை வைத்துக்கொண்டு இணையத்தில் புதுசு தேடுகிறான். இருவருக்கும் சொந்த ஊர் பக்கத்துப் பக்கத்து ஊராகக்கூட இருக்கும்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் ‘ரிப்பேர் கஃபே’ என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பழுதான சாமானை எடுத்து வருவார்கள். தெரிந்தவர் உட்கார்ந்து, சாமானின் சொந்தக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்வார். இன்று பல நாடுகளில் நடக்கிறது. வளைகுடாவின் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா, பட்டிமன்றம், இன்னிசை நிகழ்ச்சி எல்லாம் நன்றாக நடத்துகின்றன. உரிய அனுமதி பெற்று, வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுதுபார்க்கும் நாள் நடத்தினால் என்ன? ரெக்கார்டு பிளேயர் மட்டுமா? நின்றுபோன மிக்ஸி, முனகும் மேசை ஃபேன், அம்மாவின் தையல் மெஷின், எதுவும் வரட்டும். ஏ.சி. டெக்னீஷியனும் பம்பு மெக்கானிக்கும் அன்றைக்கு வாத்தியார். மென்பொருள்காரர்கள் மாணவர்கள். வாத்தியாருக்கு அன்றைய உழைப்புக்கு உரிய காசும் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கலையைச் சேவை என்ற பெயரில் இலவசமாக வாங்குவதும் ஒருவிதச் சுரண்டல்தான்.

அதுவரை ஒவ்வொருவரும் வீட்டில் செய்ய ஒன்று உண்டு. மெஷினின் அடிப்பலகையில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என்ன எண்ணெய், எத்தனை சொட்டு, எந்தத் தேதி, எத்தனை ஹெர்ட்ஸ் புல்லி, அடுத்தது எப்போது. ஐந்தே விவரம். எங்கள் பம்புகளின் கழுத்தில் தொங்குவதும் இதுதான். நாளைக்கு நீங்கள் விற்றாலும், பிள்ளைக்குக் கொடுத்தாலும், அந்தச் சீட்டோடு கொடுங்கள். பழசு வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் அந்தச் சீட்டைக் கேளுங்கள். புதுசு வாங்கப் போகிறவர்கள், எண்ணெய் எங்கே விடுவது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் முழிப்பார். நாலு பேர் கேட்டு அவர் முழித்தால் கம்பெனிக்குச் செய்தி போகும். கேட்கிற ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் கம்பெனிக்காரன் அந்தத் துளையைத் திரும்ப வைப்பான்.